மைக்ரோவேவில் வைத்தால் மரத்தின் குரல் மாறுமா? பாடவும் வைக்கலாம், ஊமையாக்கவும் செய்யலாம்!

மண்பானை வாங்கப் போனால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வது என்ன? விரலை மடக்கி ஒரு தட்டு. 'டங்'னு கேட்டால் பானை பைக்குள் போகும். 'தொப்'னு கேட்டால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் அந்தப் பானை திரும்ப அடுக்குக்கே போய்விடும்.

வயலின் செய்பவர்களும் மரம் வாங்கும்போது இதையேதான் செய்கிறார்கள். இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலைச்சரிவில் உள்ள பனேவெஜ்ஜோ காடு இதற்குப் பேர்போனது. அங்கே வளரும் ஸ்ப்ரூஸ் மரத்தின் பலகையை இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் மணி மாதிரி ஒலித்து, அந்த ஒலி கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அடங்கும். ஸ்ட்ராடிவாரி காலத்திலிருந்து வயலினின் மேல்பலகைக்கு இந்த மரம்தான். சென்னை சபாக்களில் கேட்கும் கர்நாடக இசை வயலின்களின் மேல்பலகையும் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ்தான்.

இந்த மரத்தை, சாம்பார் சூடு பண்ணுகிற அதே வகை அலையில் வைத்தால் என்ன ஆகும்?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் மர ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக இதைச் சோதித்து வருகின்றன. கிடைத்த பதிலும் சுவாரஸ்யமானது. மெதுவாகக் காட்டினால், ஆண்டுக்கணக்கில் காய வேண்டிய மரம் மணிக்கணக்கில் காய்ந்து பாடத் தயாராகிவிடும். வேகமாக அடித்தால் அதே மரம் ஒலியை விழுங்கும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கருவி ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். எவ்வளவு சக்தி, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

முதலில் ஒரு சின்ன விஷயம். 'சாஃப்ட்வுட்' என்றால் மெத்தென்று இருக்கும் மரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பைன், ஸ்ப்ரூஸ், ஃபர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு மொத்தமாக வைத்த பெயர் அது. மாடல் விமானம் செய்யப் பயன்படும், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா மரம், வகைப்படி 'ஹார்ட்வுட்'. தாவரவியல்காரர்கள் வைத்த பெயர், யாரைக் குறை சொல்வது! கொடைக்கானல் பைன் காட்டில் செல்ஃபி எடுத்தவர்கள் சாஃப்ட்வுட் மரத்தில்தான் சாய்ந்து நின்றிருப்பார்கள்.

நம்ம ஊர் வீணைக்குப் பயன்படும் பலா, இந்தக் கதையில் வராது. அதன் உள்கட்டமைப்பே வேறு. ஊசியிலை மரத்துக்கு மட்டும் உள்ள ஒரு அமைப்புதான் இங்கே ஹீரோ.

ஒரு பைன் பலகையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கத்தையாகக் கட்டி வைத்த ஸ்ட்ரா மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஸ்ட்ராவும் 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெல்லிய அகலம். மரத்தின் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இந்தக் குழாய் செல்கள்தான். இரண்டு முனையும் மூடியிருக்கும். பக்கத்துக் குழாய்க்குத் தண்ணீர் போக, சுவரில் குட்டிக் குட்டி வால்வுகள் உண்டு. நடுவில் ஒரு தட்டு, அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி இழைகள். மரம் காயும்போது பெரும்பாலும் அந்தத் தட்டு ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், வால்வு மூடிவிடும். காய்ந்த பைன் பலகைக்குள் பூச்சி மருந்தோ சாயமோ லேசில் இறங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுபோக, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரம் மாதிரி ஓடும் செல் வரிசைகள் உண்டு. கதிர் செல்கள் என்று சொல்லலாம். இவற்றின் சுவர் மெலிசு. மரத்தின் பலவீனமான இடம் இதுதான்.

குக்கர் விசில் அடைத்துக்கொண்டால்?

சாதாரணச் சூளையில் மரத்தை உலர்த்தும்போது சூடு வெளியிலிருந்து உள்ளே போகும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கிவிடும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் பலகை வெடிக்கும், வளையும்.

மைக்ரோவேவ் அலை அப்படியில்லை. வீட்டு ஓவனில் இருப்பது 2.45 கிகாஹெர்ட்ஸ். தொழிற்சாலைகளில் 0.9 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டார அலைகளையும் பயன்படுத்துகிறார்கள். அலைநீளம் அதிகம் என்பதால், அது கனமான கட்டைக்குள்ளும் ஆழமாக இறங்கும். மரத்தின் நார்களைவிட அதற்குள் இருக்கும் தண்ணீர்தான் இந்த அலையை அதிகம் வாங்கிக்கொள்ளும். எங்கே ஈரம் அதிகமோ அங்கே சூடு அதிகம். அதாவது, உள்ளேயே அடுப்பு பற்றவைத்த மாதிரி.

தண்ணீர் ஆவியாகிறது. ஆவி வெளியேற வேண்டும். சக்தியைக் குறைவாக, விட்டுவிட்டுக் கொடுத்தால் ஆவி இருக்கிற வழிகளிலேயே நிதானமாக வெளியேறிவிடும். மரத்துக்குச் சேதாரம் பெரிதாக இல்லை.

சக்தியைக் கூட்டினால் நிலைமை வேறு. வீட்டுக் குக்கருக்குள் சுமார் 120 டிகிரியில் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. ஈரமான மரத்துக்குள் 150 டிகிரி வந்துவிட்டால், நீராவியின் அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கை நெருங்கும். வால்வுகளோ மூடிக் கிடக்கின்றன. விசில் அடைத்த குக்கர் என்ன செய்யும்? எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். முதலில் வால்வுகளின் இழைகள் கிழியும். அடுத்து கதிர் செல்களின் மெல்லிய சுவர்கள் உடையும். பிசின் இளகி, அடைத்திருந்த வழிகள் திறக்கும். இன்னும் கூட்டினால் கதிர் செல்களை ஒட்டியே நுண்ணிய விரிசல்கள் நீளவாக்கில் ஓட ஆரம்பிக்கும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கிரிகோரி டோர்கோவ்னிகோவ், பீட்டர் விண்டன் இருவரும் இதைத்தான் ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்தெடுத்தார்கள். அவர்களுடைய முதல் நோக்கம் இசையோ ஒலியோ இல்லை. மருந்து இறங்க மறுக்கும் மரத்துக்குள் மருந்தை இறக்குவது, ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைச் சீக்கிரம் உலர்த்துவது, இப்படி நடைமுறைக் கவலைகள்தான். லேசான, நடுத்தரமான, கடுமையான என்று மூன்று நிலைகளில் அவர்கள் மரத்தை மாற்றிக் காட்டினார்கள். லேசான நிலையில் மரத்தின் வலு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கடுமையான நிலையில் மரம் முழுக்க நுண்விரிசல் ஓடி, புதிய பொருளாகவே ஆகிவிடும். அந்தப் பொருளுக்கு இருவர் பெயரையும் சேர்த்து 'டோர்க்வின்' என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் ரெசினை ஏற்றி இறுக்கினால் கிடைப்பதற்கு 'விண்டோர்க்'. பெயரைத் திருப்பிப் போட்டாலே அடுத்த தயாரிப்பு ரெடி!

சரி, ஒலிக்கு என்ன ஆகிறது?

நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தின் நார்வாக்கில் ஒலி விநாடிக்கு 5,000 மீட்டருக்கும் மேல் ஓடும். காற்றில் அது 340 மீட்டர் சொச்சம்தான். எஃகுக் கம்பியில் ஓடும் வேகத்துக்கு இந்த மரம் சமமாக நிற்கிறது. ஆனால் எடையில் எஃகின் இருபதில் ஒரு பங்குதான். விறைப்பும் வேண்டும், எடையும் குறைவாக வேண்டும். இசைக்கருவிக்குத் தேவையான இந்த இரண்டும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: உள்ளுக்குள் அதிர்வை வீணடிக்கும் குணம் குறைவாக இருக்க வேண்டும். தட்டினால் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது இதைப் பொறுத்தது.

மைக்ரோவேவ் இந்த மூன்றையும் தொடும், ஆனால் இரண்டு வெவ்வேறு திசையில். பல பேர் குழம்புவது இங்கேதான்.

ஒன்று, தண்ணீர் போவதால் வரும் மாற்றம். ஈரம் குறைந்தால் எடை குறையும், நார்ச் சுவர் விறைப்பாகும், அதிர்வு வீணாவதும் குறையும். மூன்றுமே ஒலிக்கு லாபம். பச்சை மரத்தைத் தட்டினால் மந்தமாகவும், காய்ந்த பிறகு தட்டினால் கணீரென்றும் கேட்பது இதனால்தான். ஆனால் இந்த லாபத்தில் மைக்ரோவேவுக்கென்று தனிப் பெருமை எதுவும் இல்லை. வெயிலில், நிழலில், சூளையில் எப்படிக் காயவைத்தாலும் கிடைக்கும். மைக்ரோவேவ் கொடுப்பது வேகம் மட்டும்தான்.

இரண்டாவது, செல் சுவர்கள் உடைவதால் வரும் மாற்றம். இது மைக்ரோவேவின் சொந்த வேலை. விரிசல் விழுந்தாலும் மரத்தின் எடை பெரிதாகக் குறையாது, ஆனால் விறைப்பு இறங்கிவிடும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 1 மீட்டர் நீளமுள்ள ஸ்ப்ரூஸ் கட்டையின் ஒரு முனையைச் சுத்தியால் தட்டினால், ஒலிவேகம் 5,400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2,700 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். விறைப்பு 20 சதவீதம் குறைந்தால் அந்த எண் 2,400-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். கருவியே வேண்டாம், இசைப் பழக்கம் உள்ள காது இதைச் சட்டென்று பிடித்துவிடும். கூடவே, விரிசலின் இரு பக்கச் சுவர்களும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். பானை 'தொப்' என்று ஒலிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆய்வகத்தில் மரம் எவ்வளவு 'அடி வாங்கியிருக்கிறது' என்று கண்டுபிடிக்கும் சுலபமான வழிகளில் ஒன்றும் இதுதான். அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. தட்டி, மைக்கில் பதிவு செய்து, அதிர்வெண்ணையும் ஒலி அடங்கும் வேகத்தையும் பார்த்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மரம் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், காய்ந்ததால் வந்த லாபம், விரிசலால் வந்த நஷ்டத்தை மறைத்துவிடும். 'எங்க முறையில் மரத்தின் ஒலி மேம்படுகிறது' என்று யாராவது விளம்பரம் செய்தால், இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

வயலினுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்பலகைக்கான மரத்தை ஆரவாக்கில் பிளந்துதான் எடுப்பார்கள். அப்போது கதிர் செல்கள் பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். மைக்ரோவேவ் விரிசல்களும் அதே தளத்தில்தான் ஓடும். அதாவது, சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்குள், புத்தகத்தின் பக்கங்கள் பிரிவது போல விரிசல்கள். வெளியே பார்த்தால் பலகை முழுசாகத்தான் இருக்கும். மெதுவாக, விவரமாக வளர்ந்த ஒரு மரத்துக்கு நூறு, இருநூறு வயது ஆகியிருக்கும். ஓவனில் கூடுதலாக இருந்த சில நிமிடங்கள் அத்தனையையும் காலி பண்ணிவிடும், திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

2018 அக்டோபரில் 'வாயா' புயல் இத்தாலியின் வடகிழக்கு மலைக்காடுகளில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பனேவெஜ்ஜோ வட்டாரமும் தப்பவில்லை. நல்ல இசை மரம் இனி சுலபமாகக் கிடைக்காது என்ற கவலை அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. வேகமாக உலர்த்தும் ஆசையும், கையில் இருக்கும் மரத்தைப் பாழாக்கிவிடுவோமோ என்ற பயமும் ஒரே நேரத்தில் இருப்பது இதனால்தான்.

பழைய மரம் போல ஆக்க முடியாதா?

'டாரிஃபைடு' கிடார் என்று கடைகளில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். யமஹா, மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் மேல்பலகையை வெப்பத்தால் பக்குவப்படுத்தி, பல பத்தாண்டுகள் பழகிய மரத்தின் ஒலியைக் கொண்டுவர முயல்கின்றன. இது மைக்ரோவேவ் இல்லை. பொதுவாக, ஆக்சிஜன் குறைந்த அறையில் மரத்தை நிதானமாகச் சூடாக்கும் முறை. மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற ஈரத்தை இழுக்கும் பொருள் இதில் சிதையும். அதன்பிறகு மழைக்காலத்தில் மரம் அவ்வளவாக ஊதாது, அதிர்வையும் குறைவாகவே வீணடிக்கும்.

இதை மைக்ரோவேவில் ஏன் செய்யக்கூடாது? பிரச்சினை, மைக்ரோவேவ் தண்ணீரைத்தான் தேடும் என்பது. மரம் காய்ந்த பிறகு அலையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மிச்சம் இருக்கும் இடத்தில் எங்காவது ஒரு புள்ளி அதிகம் சூடானால், அந்தச் சூடான புள்ளி இன்னும் அதிகமாக அலையை இழுக்கும், இன்னும் சூடாகும். வெளியே கைவைத்தால் வெதுவெதுப்பு, உள்ளே கரி. இணையத்தில் மரக்கிண்ணம் கடைபவர்கள் வீட்டு ஓவனில் மரத்தை உலர்த்தும் வீடியோக்கள் ஏராளம். அவர்களில் அனுபவசாலிகள் மிகக் குறைந்த சக்தியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, எடுத்து, ஆறவிட்டு, எடை பார்த்து, திரும்ப வைப்பார்கள். அந்த ஆறவிடும் பகுதியைத்தான் பார்ப்பவர்கள் ஓட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள்.

ஒலியை மேம்படுத்த வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு எதிர்த்திசையில் ஒரு அழகான உதாரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்சிஸ் ஷ்வார்ஸே, ஸ்ப்ரூஸ் பலகையில் ஒரு வகைப் பூஞ்சையை வளரவிட்டார். அது செல் சுவரைத் தேர்ந்தெடுத்துத் தின்று எடையைக் குறைத்தது. விறைப்பை அதிகம் தொடவில்லை. 2009-ல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் திரைக்குப் பின்னால் வயலின்களை வாசித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று 1711-ம் ஆண்டு ஸ்ட்ராடிவாரியுஸ். சுமார் 180 பேர் இருந்த அவையில் 90 பேர் பூஞ்சை வயலினுக்கு ஓட்டுப் போட்டார்கள், ஸ்ட்ராடிவாரியுஸுக்குக் கிடைத்தது 39. ஒரு அறையில் நடந்த ஒரு போட்டி, அதை வைத்து ஸ்ட்ராடிவாரியைக் கவிழ்த்துவிட முடியாதுதான். ஆனால் கணக்கு புரிகிறது: எடை குறைந்து விறைப்பு நின்றால் லாபம். கடுமையான மைக்ரோவேவ் செய்வதோ நேர்மாறு. எடை நிற்கும், விறைப்பு போய்விடும்.

ஊமையாவதிலும் லாபம் உண்டு

இசைக்கருவிக்கு நஷ்டமாவது இன்னொருவருக்கு லாபம். வெறும் சுவரும் டைல்ஸும் கண்ணாடியும் நிறைந்த புது ஆபீஸ் மீட்டிங் ரூமில் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? ஜூம் காலில் எதிரே இருப்பவர், 'கிணத்துக்குள்ள இருந்து பேசுறீங்களா'னு கேட்பார். எதிரொலியை விழுங்க ஏதாவது வேண்டும். கண்ணாடிப் பஞ்சு, ஃபோம் எல்லாம் அந்த வேலையைச் செய்யும், பார்க்க நன்றாக இருக்காது. மரப்பலகை பார்க்க அழகு, ஆனால் ஒலியை விழுங்காது. தன்மேல் விழும் ஒலியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் சாதாரணப் பலகை எடுத்துக்கொள்ளும். மிச்சம் அறைக்கே திரும்பிவிடும்.

காரணம், அதற்குள் அத்தனை குழாய்கள் இருந்தும் ஒன்றுக்கும் கதவு திறந்திருக்கவில்லை. ஒலி என்பது காற்றின் அசைவு. அந்தக் காற்று நுண்துளைக்குள் முன்னும் பின்னும் போய்வந்து சுவரில் உரசினால்தான் ஒலி சூடாக மாறி அடங்கும். மைக்ரோவேவ் வால்வுகளைக் கிழித்து, கதிர் செல்களை உடைத்து, விரிசல்களை இணைத்துவிட்டால், காற்றுக்கு உள்ளே ஒரு சாலை வலைப்பின்னலே கிடைக்கிறது. சீனாவிலும் வேறு இடங்களிலும் நடந்த சோதனைகளில், இப்படிச் செய்த மரம் ஒலியை விழுங்கும் திறன் கூடியது பதிவாகியிருக்கிறது. கொரியாவில், இதே வேலையை நீராவி வெடிப்பு முறையில் செய்து பார்த்திருக்கிறார்கள், தத்துவம் ஒன்றுதான்.

இதிலும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர். 2 சென்டிமீட்டர் பலகையில் எத்தனை விரிசல் போட்டாலும், 'ஸ்', 'ச்' மாதிரியான கூர்மையான ஒலிகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். மேல்மாடி சப்வூஃபரின் 'டும் டும்' அதற்குப் பிடிபடாது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் கொஞ்சம் தாழ்ந்த ஒலிகளும் மாட்டும். பக்கத்து ஃபிளாட்டில் டிரில்லிங் மெஷின் ஓடினால்? அது வேறு பிரச்சினை. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு, வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு. காற்று புகும்படி ஓட்டை போட்ட பலகை, இரண்டாவது வேலைக்கு முழுப் பலகையைவிட மோசம். பேனல் விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசினால் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

எந்த முகத்தைக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். குழாய்களின் வாய் தெரியும் குறுக்குவெட்டு முகம்தான் ஒலியை அதிகம் வாங்கும். ஆனால் குறுக்காக வெட்டிய பலகை வலுவில்லாதது, சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்ட வேண்டும். கட்டடக்காரர்கள் இதை இன்னும் பெரிதாகக் கையில் எடுக்காததற்கு அந்தக் கூலியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏற்கெனவே உங்கள் தெருவரை வந்திருக்கலாம்

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்து இறங்கும் பைன் பெட்டியிலும், பேலட் கட்டையிலும் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். பூச்சி ஒட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போகாமல் இருக்க, சர்வதேச விதிப்படி மரத்தைச் சூடாக்கியதற்கான அடையாளம் அது. 'ஹெச்.டி' என்றால் கட்டையின் மையம் வரை 56 டிகிரி, 30 நிமிடம். 'டி.ஹெச்' என்றால் மைக்ரோவேவ் போன்ற அலைகளால் கட்டை முழுக்க 60 டிகிரி, 1 நிமிடம். இந்தச் சூட்டில் நீராவி அழுத்தம் வராது, செல் உடையாது. அந்தப் பேலட்டைப் பிரித்து பெஞ்ச் செய்பவர்கள் ஒலியைப் பற்றியோ வலுவைப் பற்றியோ கவலைப்பட வேண்டியதில்லை.

ஒலிக்காகவே மரத்தைத் தயாரிக்கும்போதுதான் தலைவலி. எந்த இரண்டு பலகையும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றில் கணு, இன்னொன்றில் பிசின் பை, மூன்றாவதில் ஒரு மூலையில் மட்டும் ஈரம். வைரம் பாய்ந்த உட்பகுதியில் ஈரம் குறைவு, வெளிப்பகுதியில் அதிகம். அதனால் ஒரே மரத்தின் இரண்டு பகுதிகளும் ஒரே அலையில் வெவ்வேறு மாதிரி சூடாகும். ஓவனுக்குள் அலையும் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை, தட்டு சுற்றுவதே அதற்காகத்தானே. ஆகவே பத்துப் பலகையை ஒன்றாக உள்ளே வைத்தால், வெளியே வருவது பத்துக் குரல். அதில் எது 'டங்', எது 'தொப்' என்று தெரிய, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துத் தட்டிப் பார்த்தாக வேண்டும்.